அயனி மண்டலத்தைச் செயற்கைக்கோள் ரேடியோ அலைகளால் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயனி மண்டலம் என்பது எது?

தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி 1000 கிலோமீட்டர் வரை பரவியிருக்கும் மெல்லிய காற்றில், சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அவ்வாறு பிரிந்த எலக்ட்ரான்களும் அயனிகளும் உள்ள பகுதியே அயனி மண்டலம். உயரத்திற்கேற்ப டி, ஈ, எஃப் என்று அதை அடுக்குகளாகப் பிரிப்பது வழக்கம். எலக்ட்ரான்கள் மிகுந்திருப்பது எஃப் அடுக்கில், பெரும்பாலும் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திற்குள். அங்கும் பகலில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான்கள் என்ற அளவே காணப்படும். மின்னேற்றமற்ற அணுக்கள் அதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இருக்கும். இவ்வளவு சிறுபான்மையாக இருந்தும் ரேடியோ அலையின் போக்கை மாற்றுபவை அந்த எலக்ட்ரான்களே.

தரையிலிருந்தே அதை ஆராய முடியாதா?

ஓரளவு முடியும், அப்படித்தான் தொடங்கினார்கள். 1924-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன், வானொலி அலை மேலே சென்று எதிரொலித்துத் திரும்புவதை அளந்து அந்த அடுக்கின் உயரத்தைக் கண்டார். அதே கருத்தின் வளர்ந்த வடிவம்தான் அயனோசோண்டு என்னும் கருவி. அது அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தியபடி அலைகளை மேலே அனுப்பி, ஒவ்வோர் எதிரொலியும் திரும்ப எடுக்கும் நேரத்தைக் குறிக்கிறது. கொடைக்கானல் வானாய்வகத்தில் பல பத்தாண்டுகள் இந்த அளவீடு நடந்தது.

ஆனால் அயனோசோண்டுக்கு ஒரு தீராத எல்லை உண்டு. எலக்ட்ரான் அடர்த்தி உச்சமாக இருக்கும் உயரம் வரைதான் அதனால் பார்க்க முடியும். அதற்கு மேல் அடர்த்தி குறைந்துகொண்டே போவதால், உச்சத்தைத் தாண்டிய அலை திரும்பி வருவதில்லை. எலக்ட்ரான்களில் பெரும்பங்கு அந்த மேற்புறத்தில்தான் இருக்கிறது. செயற்கைக்கோளின் அலையோ மேலிருந்து கீழே முழு மண்டலத்தையும் ஊடுருவி வருவதால், இரு புறங்களின் தடயத்தையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு வருகிறது.

ஊடுருவி வரும் அலைக்கு என்னதான் நேர்கிறது?

எலக்ட்ரான்கள் மிக இலேசானவை. அலையின் மின்புலம் அவற்றை அசைக்க, அசையும் எலக்ட்ரான்கள் தாமும் ஓர் அலையை வெளியிட, இரண்டும் சேர்ந்து பயணத்தின் வேகம் மாறுகிறது. இதில் முதன்முதலாகப் படிப்பவரைத் திகைக்க வைக்கும் ஒன்று உண்டு: அலையின் மேல் ஏற்றப்பட்ட குறியீடு தாமதமாக வந்து சேர்கிறது, அலையின் கட்டமோ (அதாவது, முகடும் பள்ளமும் வந்து சேரும் நிலையோ) அதே அளவுக்கு முந்திக்கொண்டு வருகிறது. கட்டத்தின் திசைவேகம் ஒளியின் வேகத்தை மீறினாலும் செய்தி எதுவும் அவ்வேகத்தில் வருவதில்லை என்பதால் சார்பியல் கொள்கைக்கு முரண் இல்லை. குறியீடு பின்தங்குவதும் கட்டம் முந்துவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். பின்னால் அளவீட்டைச் செம்மைப்படுத்தும்போது இந்த இணைதான் நமக்குக் கைகொடுக்கிறது.

தாமதத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: வழியில் உள்ள எலக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கைக்கு நேர் விகிதத்திலும், அதிர்வெண்ணின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்திலும் அது அமைகிறது. மீட்டரில் சொல்வதானால், 40.3 என்ற மாறிலியை எலக்ட்ரான்களின் மொத்த அளவால் பெருக்கி, ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மொத்த அளவு என்பது, செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையே ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள ஒரு குழாயைக் கற்பனை செய்தால் அதனுள் அடங்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. இதைச் சுருக்கமாக டிஇசி என்பார்கள். ஓர் அலகு என்பது சதுர மீட்டருக்கு 10-இன் 16-ஆம் அடுக்கு எலக்ட்ரான்கள்.

ஜிபிஎஸ்ஸின் எல்1 அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ், எல்2 அலை 1227.60 மெகாஹெர்ட்ஸ். ஓர் அலகு டிஇசி எல்1-ஐ சுமார் 16 சென்டிமீட்டரும் எல்2-ஐ சுமார் 27 சென்டிமீட்டரும் பின்தங்க வைக்கிறது. ஒரு பங்குனி மாதப் பிற்பகலில் வழியில் 100 அலகு இருந்தால், எல்1 சுமார் 16 மீட்டரும் எல்2 சுமார் 27 மீட்டரும் கூடுதலான தொலைவைக் காட்டும். செயற்கைக்கோள் உண்மையில் எவ்வளவு தொலைவில் உள்ளது, கடிகாரம் எவ்வளவு பிழையாக ஓடுகிறது, கீழ் வளிமண்டலத்தின் ஈரம் எவ்வளவு என்பவையெல்லாம் இரு அலைகளுக்கும் பொது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அவை அனைத்தும் நீங்கி, அயனி மண்டலத்தின் பங்கு மட்டும், ஓர் அலகுக்கு சுமார் 10.5 சென்டிமீட்டர் என்ற கணக்கில் மிஞ்சுகிறது. இந்தத் துறையின் கருவிகள் எத்தனை மாறியிருந்தாலும் அடிப்படை இந்தக் கழித்தல்தான்.

இந்த முறை எப்போது தொடங்கியது?

1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக்-1 செயற்கைக்கோளே 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் என்ற இரு அதிர்வெண்களில் ஒலித்தது. உலகெங்கும் அந்த ஒலியைக் கேட்டவர்கள் அதன் டாப்ளர் மாற்றத்தையும் (செயற்கைக்கோள் நகர்வதால் அதிர்வெண்ணில் தெரியும் மாற்றம்) வலிமை ஏற்ற இறக்கத்தையும் பதிவு செய்து அயனி மண்டலத்தைப் பற்றிய தகவலாக மாற்றினார்கள். ஸ்புட்னிக்கின் டாப்ளரை அமெரிக்காவில் அளந்தவர்கள் அதிலிருந்து டிரான்சிட் என்னும் வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பை உருவாக்கியபோது, அயனி மண்டலத்தால் வரும் பிழையை நீக்குவதற்காக 150, 400 மெகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைகளை வைத்தார்கள். வழிகாட்டுபவர்கள் கழித்து எறிந்த அந்தப் பகுதியை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜிபிஎஸ்ஸிலும் கதை இதுவேதான்: பொறியாளரின் ஏட்டில் பிழை என்ற பத்தியில் இருப்பது இயற்பியலாளரின் ஏட்டில் அளவீடு என்ற பத்தியில் இருக்கிறது.

நம் பகுதிக்கு முக்கியமானது 1975-76. இந்தியக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்புவதற்காக ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் கிழக்கு 35 பாகைக்கு நகர்த்தப்பட்டது. அதில் 40, 140, 360 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பும் ஆய்வுக் கருவியும் இருந்தது. காந்த நிலநடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) அருகிலுள்ள ஊட்டியில் ரிசீவர்களை வைத்து அந்த அலைகளை அளந்தார்கள். ஒளிபரப்புக்கு வந்த செயற்கைக்கோள் தென்னிந்திய வானத்தின் எலக்ட்ரான் கணக்கையும் கொடுத்துச் சென்றது.

கழித்தல் அவ்வளவு எளிது என்றால், இதில் கடினம் எங்கே?

கருவிகளில் இருக்கிறது. செயற்கைக்கோளின் மின்சுற்றில் எல்1, எல்2 இரண்டும் சரியாக ஒரே கணத்தில் புறப்படுவதில்லை. ரிசீவரின் மின்சுற்றிலும் அவை சமமாக நடத்தப்படுவதில்லை. இந்த வேறுபாடு ஒரு நானோநொடி இருந்தாலே டிஇசி 2.85 அலகு தவறாகிவிடும். 10 நானோநொடி என்றால் 28 அலகுக்கு மேல். சூரியன் அமைதியாக உள்ள ஆண்டின் விடிகாலையில் உண்மையான அளவு சில அலகுகளே இருக்கும்போது, திருத்தாத கணக்கு எதிர்மறை எண்ணையே காட்டும். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை எதிர்மறையாக இருக்க முடியாது. எனவே மாணவர் ஒருவர் கொண்டுவரும் வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது விடிகாலை நான்கு, ஐந்து மணி அளவைத்தான். செயற்கைக்கோள்களின் வேறுபாட்டைப் பன்னாட்டுப் பகுப்பாய்வு மையங்கள் கணித்து வெளியிடுகின்றன. ரிசீவரின் வேறுபாட்டை அவரவர் கண்டறிய வேண்டும். அது வெப்பநிலையோடு சற்றே மாறவும் செய்யும்.

அடுத்தது இரைச்சல். குறியீட்டைக் கொண்டு பெறும் டிஇசி சில அலகுகள் வரை நடுங்கும். கட்டத்தைக் கொண்டு பெறுவதோ ஓர் அலகின் நூற்றில் சில பங்கு வரை துல்லியமானது. ஆனால் அதற்குத் தொடக்க எண் தெரியாது, ரிசீவர் ஒரு கணம் பிடியை விட்டால் கணக்கு தாவிவிடும். ஆகவே கட்டத்தின் வழவழப்பான கோட்டை எடுத்து, குறியீட்டின் சராசரி மட்டத்தில் பொருத்துகிறார்கள். மேலே சொன்ன இணை இங்குதான் பயன்படுகிறது.

மூன்றாவது, சாய்வு. தலைக்கு மேலே இல்லாமல் 30 பாகை உயரத்தில் தெரியும் செயற்கைக்கோளின் அலை, மண்டலத்தைச் சாய்வாகக் கடப்பதால் செங்குத்து அளவைப்போல் சுமார் 1.7 மடங்கு எலக்ட்ரான்களைச் சந்திக்கும். இதைத் திருத்த, மண்டலம் முழுவதும் 350 அல்லது 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய ஓடாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவின் மேல் பெரும்பாலும் பொருந்தும் இந்த எளிமை இந்தியாவின் மேல் பொருந்துவதில்லை. இங்கே நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் அளவு வெகுவாக மாறும். ஐரோப்பாவுக்கு எழுதிய மென்பொருளைச் சோதிக்காமல் இங்குள்ள தரவில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜிபிஎஸ்ஸை விட, இந்தியாவின் வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் இதற்கு ஏற்றதா?

ஒரு வகையில் ஆம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வானில் நகர்வதால் அதன் அலை அயனி மண்டலத்தைத் துளைக்கும் இடமும் நகர்கிறது. டிஇசி மாறினால், நேரத்தால் மாறியதா, இடத்தால் மாறியதா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும். நாவிக்கின் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பதால், ஒரே துளைப்பிடத்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாவிக்கின் 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு இடையேயான இடைவெளியும் பெரிது என்பதால் கழித்தலின் விடையும் பெரிதாகக் கிடைக்கிறது. ஜிபிஎஸ்ஸின் சிறப்போ பல துளைப்பிடங்களை ஒரே நேரத்தில் தருவது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை.

டிஇசி வெறும் கூட்டுத்தொகைதானே? எந்த உயரத்தில் எவ்வளவு என்று எப்படி அறிவது?

கூட்டுத்தொகையிலிருந்து தனித்தனி எண்களை மீட்க, பல கோணங்களில் கூட்ட வேண்டும். மருத்துவமனையின் சிடி ஸ்கேன் உடலைப் பல திசைகளிலிருந்து ஊடுருவி உள்ளுறுப்பின் படத்தைத் தருவதைப் போலவே, வடக்கு தெற்காகச் செல்லும் ஒரு செயற்கைக்கோளின் அலைகளை அதே தீர்க்கரேகையில் உள்ள பல ரிசீவர்களால் பெற்றால், அயனி மண்டலத்தின் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும். திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், கிழக்கு 77-78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி வரை ரிசீவர்களை நிறுவி, 150, 400 மெகாஹெர்ட்ஸ் அலைகளைக் கொண்டு இதைச் செய்தது. 2011 ஏப்ரலில் பிஎஸ்எல்வி ஏவிய யூத்சாட் செயற்கைக்கோளில் இதற்கென்றே ஒரு ரேடியோ கருவியும் சென்றது.

இன்னொரு வழி, ரேடியோ மறைப்பு முறை. தாழ்வான சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒன்றில் ஜிபிஎஸ் ரிசீவரை வைத்தால், பூமியின் விளிம்புக்குப் பின்னால் ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அமிழும்போது அதன் அலை மண்டலத்தைக் கிடைமட்டமாக, உயரம் உயரமாக அரிந்துகொண்டு வரும். இந்த முறை முதலில் பயன்பட்டது வேற்றுக்கோளில்: 1965 ஜூலையில் மாரினர்-4 செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தபோது அதன் அலையிலிருந்து செவ்வாயின் அயனி மண்டலத்தை அளந்தார்கள். பூமிக்கு ஜிபிஎஸ் அலையால் இதைச் செய்து காட்டியது 1995-இல் ஏவப்பட்ட சிறு செயற்கைக்கோள் ஒன்று. 2006-இல் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து ஆறு செயற்கைக்கோள்களை அனுப்பின. 2019-இல் அவற்றின் வாரிசுகளான ஆறும் 24 பாகைச் சாய்வில், வெப்பமண்டலத்தின் மேலேயே சுற்றும்படி அனுப்பப்பட்டன. கடலின் மேலும் அளவீடு கிடைப்பது இதன் பெரும் பயன். ஆனால் ஒரே உயரத்தில் எல்லாத் திசையிலும் அடர்த்தி சமம் என்ற அனுமானத்தில் கணக்கிடுவதால், நம் பகுதியில் கீழ் உயரங்களின் எண்களை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தென்னிந்தியாவின் வானம் மட்டும் ஏன் வேறுபட்டது?

பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால். திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி ஏவப்பட்டதற்கும் இந்தக் கோடுதான் காரணம். இங்கே பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வலுவான மின்னோட்டம் பாய்கிறது. அதை உண்டாக்கும் கிழக்கு நோக்கிய மின்புலம், வடக்கு நோக்கிய காந்தப்புலத்தோடு சேர்ந்து, எஃப் அடுக்கின் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயுவை, மேலே தூக்குகிறது. உயர்ந்த பிளாஸ்மா அங்கே நிற்க முடியாமல் காந்தக் கோடுகளின் சரிவில் வடக்கிலும் தெற்கிலும் இறங்குகிறது, நீரூற்று மேலெழுந்து இருபுறமும் விழுவதைப் போல. எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியே இறங்குகின்றன என்ற கருத்தைக் கொல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா 1946-இலேயே முன்வைத்தார். மின்புலம் தூக்குவது பின்னர் அதனோடு சேர்க்கப்பட்டது.

இதன் விளைவு எதிர்பார்ப்புக்கு மாறானது. சூரியன் உச்சியில் காயும் திருநெல்வேலியின் மேல் எலக்ட்ரான்கள் மிகுந்திருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் பிற்பகலில் அங்கே பள்ளமும், அகமதாபாத், போபால், கொல்கத்தா வட்டாரத்தின் மேல் முகடும் காணப்படுகின்றன. முகடு எவ்வளவு உயரும், எவ்வளவு வடக்கே போகும் என்பது அன்றைய மின்னோட்டத்தின் வலிமையைப் பொறுத்தது. திருநெல்வேலியின் காந்தமானி காட்டும் மாற்றத்திலிருந்து, அந்த மின்னோட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ள மும்பை அருகிலுள்ள அலிபாகின் மாற்றத்தைக் கழித்தால் அந்த வலிமை கிடைக்கும். முற்பகலில் தரையில் அளக்கும் காந்தப்புலம், பிற்பகலில் முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிகழப்போவதை முன்னதாகவே உணர்த்துகிறது என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு விளக்கும்போது எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

இருட்டிய பிறகு சிக்னல் தடுமாறுவது ஏன்?

சூரியன் மறைந்ததும் கீழ் அடுக்கின் எலக்ட்ரான்கள் அயனிகளோடு விரைவாகச் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. எஃப் அடுக்கோ, அந்த நேரத்தில் சிறிது நேரம் வலுக்கும் மின்புலத்தால் இன்னும் மேலே தூக்கப்படுகிறது. அடர்ந்த பிளாஸ்மா மேலும், ஏறக்குறைய வெறுமை கீழுமாக, எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றி வைத்தது போன்ற நிலையற்ற அமைப்பு உருவாகிறது. சிறு அசைவு ஒன்று போதும்: கீழே உள்ள அடர்த்தி குறைந்த பகுதி குமிழியாக மேலெழுகிறது. சில குமிழிகள் 1000 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். காந்தக் கோடுகளின் நெடுகிலும் நீண்டிருப்பதால் அவற்றின் வடிவம் ஆரஞ்சுச் சுளையை ஒத்தது.

குமிழியின் ஓரங்களில் உள்ள, சுமார் 400 மீட்டர் அளவுள்ள ஒழுங்கின்மைகளே ஜிபிஎஸ் அலையை அதிகம் பாதிக்கின்றன. காற்றின் அசைவால் விண்மீன் மினுங்குவதைப் போல ரேடியோ சிக்னலும் மினுங்குகிறது. வலிமையின் ஏற்ற இறக்கத்தைச் சராசரியோடு ஒப்பிடும் எண்ணை எஸ்4 குறியெண் என்பார்கள், அது 0.5-ஐத் தாண்டினால் கடுமையான மினுக்கம். இந்தியத் தீர்க்கரேகைகளில் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக உள்ள ஆண்டுகளில், இரவு எட்டு மணி முதல் நள்ளிரவு வரை இது மிகுதி. கிழக்கு மேற்காகச் சற்று இடைவெளி விட்டு இரு ரிசீவர்களை வைத்தால், ஒன்றில் தெரிந்த மினுக்கம் மற்றொன்றில் தெரிய எடுக்கும் நேரத்திலிருந்து குமிழி நகரும் வேகத்தையும் அறியலாம். திருநெல்வேலியில் இத்தகைய அளவீடுகள் நடந்துள்ளன. ஒரு குறிப்பிட்ட மாலையில் குமிழி எழுமா, எழாதா என்பதை முன்கூட்டிச் சொல்வது இன்றும் திறந்திருக்கும் கேள்வி.

என் கைபேசிக்கும் விமானத்திற்கும் இதனால் பாதிப்பு உண்டா?

ஒற்றை அலைக் கைபேசி, ஜிபிஎஸ் ஒலிபரப்பும் எட்டு எண்களைக் கொண்ட ஒரு மாதிரிக் கணக்கால் பிழையில் ஏறத்தாழப் பாதியை நீக்கிக்கொள்கிறது. தெருவில் வழி தேடுபவருக்கு அது போதும். தரையிறங்கும் விமானத்திற்குப் போதாது. அதற்காகவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் ககன் என்னும் அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் உள்ள 15 ஆதார நிலையங்கள் அயனி மண்டலத்தின் தாமதத்தை அளக்க, அதன் திருத்தம் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே விமானத்திற்குச் செல்கிறது. முன்னர் சொன்ன ஒற்றை ஓட்டு அனுமானம் நம் வானத்திற்குப் பொருந்தாததால், பல அடுக்குகளைக் கொண்ட மாதிரி ஒன்றை இஸ்ரோ தனியே உருவாக்க வேண்டியிருந்தது. 2015-இல் செங்குத்து வழிகாட்டலுக்கும் ககன் சான்று பெற்றது.

சூரியப் புயலின்போது நிலைமை வேறு. 2003 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் இத்தகைய அமைப்பு பல மணி நேரம் செங்குத்து வழிகாட்டலைத் தர இயலாமல் போனது. 2024 மே 10-11 புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் விதைப்புக் காலத்தில் தடுமாறின.

நிலநடுக்கத்தையும் சுனாமியையும் இதன் மூலம் அறிய முடியுமா?

நிகழ்ந்த பிறகு அறிய முடியும். கடல்தளம் திடீரென உயரும்போது எழும் அழுத்த அலை, மேலே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் வீச்சு பெருகி, ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் எஃப் அடுக்கை அடைந்து டிஇசியை அசைக்கிறது. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின் இத்தகைய தடயம் இந்தோனேசியா, தாய்லாந்து ஜிபிஎஸ் நிலையங்களின் பதிவுகளில் பின்னர் கண்டறியப்பட்டது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் உலகம் முழுவதன் டிஇசியிலும் தெரிந்தன. 2004-இன் அந்தச் சுனாமி நாளில் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கரையில் நின்றவர்களுக்கு இவ்வகை அளவீடு உடனுக்குடன் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் இத்துறையில் இருக்கும் தமிழர் எவருக்கும் வராமல் இருக்காது. சுனாமி எச்சரிக்கைக்கு டிஇசியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடப்பது அதனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் நிலநடுக்கத்திற்கு முன்பே டிஇசியில் அறிகுறி தோன்றுகிறது என்ற கூற்று இன்னும் நிறுவப்படவில்லை. சாதாரண நாளிலேயே பெரிதும் மாறும் ஓர் அளவில், நிகழ்ச்சிக்குப் பின் தேடினால் ஏதேனும் ஒரு மாற்றம் கண்ணில் படத்தான் செய்யும்.

மனிதரின் செயலும் பதிவாகும். 1973 மே 14 அன்று ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை ஏந்திச் சென்ற ஏவூர்தியின் புகை, எலக்ட்ரான்களை விரைவாக மறையச் செய்து, அயனி மண்டலத்தில் பெரும் ஓட்டை ஒன்றை உண்டாக்கியது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்றின் அலையைத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்ததால்தான் அது தெரியவந்தது.

ஒரு கல்லூரி மாணவர் இதைத் தொடங்க என்ன வேண்டும்?

கருவி வாங்காமலே தொடங்கலாம். பன்னாட்டு ஜிஎன்எஸ்எஸ் சேவை என்னும் வலையமைப்பின் நிலையங்கள், 30 நொடிக்கு ஒருமுறை பதிந்த இரு அலைத் தரவுகளை இலவசமாகத் தருகின்றன. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. இரு அலைகளைப் பெறும் கைபேசிகள் 2018 முதல் சந்தையில் உள்ளன. ஆண்ட்ராய்டில் மூல அளவீட்டையும் எடுக்க முடியும். அவற்றின் இரைச்சல் பெரிது. ஆனாலும் 2024-இல் கூகுள் ஆய்வாளர்கள் பல பத்து லட்சம் கைபேசிகளின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து உலக டிஇசி வரைபடத்தை உருவாக்கினார்கள். அதில் இந்தியாவின் மேல் எழுந்த பிளாஸ்மா குமிழிகளும் தெரிந்தன.

முதல் பயிற்சியாக நான் தருவது இது. மார்ச் மாதத்தின் அமைதியான ஒரு நாளைத் தேர்ந்து, பெங்களூர், ஹைதராபாத் இரண்டின் செங்குத்து டிஇசியையும் ஒரே தாளில் மணிவாரியாக வரையுங்கள். விடிகாலையில் இரண்டும் நெருங்கியே இருக்கும். காலையில் சேர்ந்தே ஏறும். முகட்டுக்கு அருகில் இருப்பதால் ஹைதராபாத்தின் கோடு ஒரு கட்டத்தில் தனியாக மேலே பிரியலாம். பிரியும் மணியைக் குறித்துக்கொண்டு, அதே நாளின் திருநெல்வேலி, அலிபாக் காந்தமானி வேறுபாடு எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொட்டது என்று பாருங்கள். பத்து நாட்களுக்கு இதையே செய்தால், காந்தமானி வலுவாக இருந்த நாட்களில் கோடுகளின் இடைவெளியும் பெரிதாக இருந்ததா என்பதை உங்கள் தாளிலேயே பார்க்கலாம்.